ஒரே பெட்டியில் பல பைத்தான்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

‘பைத்தான் படிக்கிறேன்’ என்று சொல்லும் மாணவரிடம் ‘எந்தப் பைத்தான்?’ என்று யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. கணிப்பொறிக்கோ அது தெரிந்தாக வேண்டும். நாம் சொல்லாவிட்டால் தானே ஒன்றைத் தேர்ந்துகொண்டு வேலையைத் தொடங்கிவிடும். அது தேர்ந்தது நமக்கு வேண்டியதாக இல்லாதபோது, ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம் வீணாகிறது. ஒரு நிரல்மொழியின் பல பதிப்புகளை ஒரே கணிப்பொறியில் குழப்பமின்றி வைத்துக்கொள்வது எப்படி என்பதைப் பைத்தானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறேன். வேறு துறை நண்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம். கட்டளைகள் சிலவே வரும்.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் உருவாக்கிய பைத்தான் 1991-இல் வெளிவந்தது. (பெயர் மலைப்பாம்பை நினைத்து வைத்ததன்று, பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது.) 2000-இல் இரண்டாம் வரிசையும், 2008 டிசம்பரில் மூன்றாம் வரிசையும் வந்தன. பழைய நிரல்கள் பல புதியதில் ஓடமாட்டா என்று தெரிந்தே மூன்றாம் வரிசையை வெளியிட்டனர். எனவே இரண்டும் பதினோரு ஆண்டுகள் அருகருகே நடந்தன. 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு இரண்டாம் வரிசைக்கான பராமரிப்பு முடிந்தது.

அப்படி என்னதான் வேறுபாடு? ‘பிரிண்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. அது பெரிய தொல்லையன்று. அடைப்புக்குறி இல்லையென்றால் புதிய பைத்தான் பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஏழை இரண்டால் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் வரிசை 3 என்கிறது. மூன்றாம் வரிசை 3.5 என்கிறது. இரண்டுமே பிழை என்று சொல்வதில்லை. மூன்று பாடங்களில் ஒரு மாணவர் பெற்ற மொத்தம் 200 என்றால், சராசரி பழையதில் 66, புதியதில் 66.66 என்று நீளும். தேர்ச்சிப் பட்டியல் தயாரிக்கும் நிரலில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நின்றுவிடும் நிரலைவிட, நிற்காமல் வேறு விடை தரும் நிரலுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நம் மொழிக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால், யு.டி.எஃப்-8 முறையில் எழுதிய கோப்பில் இரண்டாம் வரிசை 15 என்று விடை தரும். மூன்றாம் வரிசை 5 என்கிறது. பழையது பைட்டுகளை எண்ணுகிறது. புதியது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்றெழுத்து என்று சொல்லும்! அந்த மூன்றைப் பெற நாமாகச் சில வரிகள் எழுத வேண்டும். தமிழ்த்துறை நண்பர்கள் சொல்லடைவு தயாரிக்க நிரல் எழுதச் சொன்னால், முதலில் பதிப்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் வரிசைதான் போய்விட்டதே, இனி என்ன தொல்லை என்று கேட்கலாம். மூன்றாம் வரிசைக்குள்ளேயே பதிப்புகள் பெருகிவிட்டன. 2019 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒன்று வருகிறது. அந்த ஆண்டு வந்தது 3.8, அடுத்தது 3.9, அதற்கடுத்தது 3.10. இதை மூன்று புள்ளி பத்து என்றே படிக்க வேண்டும். கணக்குப் பாடத்துப் பழக்கத்தில் 3.10 என்பதை 3.1 என்று எடுத்துக்கொண்டு, 3.9-ஐவிடப் பழையது என்று வாதிட்டவர்களும் எங்கள் வகுப்பில் உண்டு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணிப்பொறிகளும் விண்டோஸ் 10 உள்ள புதியவையும் கலந்திருக்கின்றன. 3.9 முதல் வந்த பதிப்புகளை விண்டோஸ் 7-இல் நிறுவ இயலாது. ஆகவே பழைய கணிப்பொறிகளுக்கு 3.8-தான் கடைசி எல்லை. எங்கள் பாடக்குறிப்பிலோ ‘மேட்ச்’ என்ற கட்டளை வருகிறது. அது பிறந்ததே 3.10-இல்தான். பழைய கணிப்பொறியின் முன் அமரும் மாணவருக்கு அந்தப் பயிற்சி ஓடாது. அவர் எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் ஓடாது.

அப்படியானால் புதிய கணிப்பொறிகளிலாவது பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடலாமே என்பது பலருடைய கருத்து. சென்ற ஆண்டு யாரோ அதைச் செய்தும் விட்டார்கள். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் தம் திட்டப்பணியை 3.8-இல் எழுதிவந்தார். அதற்குத் தேவையான பழைய தொகுப்பு ஒன்று, புதிதாகப் போட்ட 3.12-இல் ஏற மறுத்தது. தொகுப்புகளை நிறுவப் பயன்பட்ட ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பகுதி 2023-இல் வந்த அந்தப் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதே காரணம். வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாளே இருந்தது. அக்கா வீட்டிலும் கணிப்பொறி இல்லை, என் வீட்டிலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்; எங்களைப் போன்றோருக்கு ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியே சொந்தக் கணிப்பொறி. அதிலிருந்து ஒன்றை அழித்தால், ஒருவருடைய மேசையையே தூக்கிச் சென்றதற்கு ஒப்பாகும்.

உண்மையில் எதையும் அழிக்கத் தேவையே இல்லை. விண்டோஸில் பைத்தானின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கெனத் தனிக் கோப்புறையில் அமர்கிறது. 3.8 ஓர் அறையில், 3.12 அடுத்த அறையில். ஒன்றின் பொருளை மற்றொன்று தொடாது. இடமும் அடைக்காது: ஒரு திரைப்படம் பிடிக்கும் இடத்தில் பல பைத்தான்களை வைக்கலாம். சிக்கல் எழுவது பெயர் சொல்லி அழைக்கும்போதுதான்.

ஒரு தெருவில் மூன்று முருகன்கள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். தபால்காரர் தெருமுனையில் நின்று ‘முருகன்!’ என்று கூப்பிட்டால், முனைவீட்டு முருகன்தான் முதலில் வருவான். கடிதம் அவனுக்கு உரியதா என்பது வேறு. கணிப்பொறியில் ‘பாத்’ என்றொரு பட்டியல் உண்டு. அதில் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ‘பைத்தான்’ என்று தட்டியதும் கணிப்பொறி அந்த வரிசையில் ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்து, முதலில் அகப்படுவதை ஓட்டிவிடும். அதற்கு மேல் தேடாது. நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்தில் சேர்’ என்று பொருள்படும் சிறு கட்டம் இருக்கும். எல்லாப் பதிப்புக்கும் அதைக் குறித்துவிட்டால், கடைசியாக வந்தது பட்டியலின் முன்னே போய் நின்றுகொள்ளும். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடாமல் போவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. ‘வேர் பைத்தான்’ என்று தட்டிப் பார்த்தால், எந்தெந்த வீட்டு முருகன்கள் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

முழு முகவரியோடு அழைக்க எளிய வழி இருக்கிறது. 2012-இல் வந்த 3.3 முதல், விண்டோஸில் ‘பை’ என்ற ஏவி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. பி, ஒய் என்னும் இரண்டே ஆங்கில எழுத்துகள். ‘பை -0’ என்றால் கணிப்பொறியில் உள்ள பதிப்புகளின் பட்டியல் வரும். ‘பை -3.8’ என்று சொல்லி நிரலின் பெயரைக் கொடுத்தால் 3.8 ஓட்டும், ‘பை -3.12’ என்றால் 3.12 ஓட்டும். எண்ணைச் சொல்லாவிட்டால் பொதுவாக இருப்பவற்றில் புதியதை எடுத்துக்கொள்ளும். இதைப் பழகிக்கொண்டால் பாத் பட்டியலைத் தொடவே வேண்டாம். (இங்கே தமிழில் எழுதிக் காட்டினாலும் திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.)

அடுத்தது தொகுப்புகள். ‘பிப்’ கொண்டு ஒரு தொகுப்பை நிறுவியிருப்போம். வெற்றி என்றே திரை சொல்லியிருக்கும். நிரலை ஓட்டினால் ‘அப்படி ஒரு தொகுப்பே இல்லை’ என்று வரும். பிப் ஒரு பைத்தானுக்குச் சொந்தமாக, நாம் ஓட்டியது வேறு பைத்தானாக இருந்திருக்கும். ‘பை -3.8 -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எண்ணையும் சேர்த்து எழுதிவிட்டால், தொகுப்பு எந்த வீட்டுக்குப் போகிறது என்பதில் ஐயமே இராது.

ஒரே பதிப்பில் இரண்டு திட்டங்கள் நடந்து, ஒன்றுக்கு ஒரு தொகுப்பின் பழைய வடிவமும் மற்றதற்குப் புதியதும் வேண்டுமென்றால்? அதற்குத்தான் ‘வென்வ்’. அடுப்பு ஒன்றே, அஞ்சறைப் பெட்டி மட்டும் சமையலுக்கொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பை -3.8 -எம் வென்வ்’ என்று தட்டி ஒரு பெயரும் கொடுத்தால், அந்தப் பெயரில் ஒரு கோப்புறை பிறக்கும். அதனுள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் உள்ள ‘ஆக்டிவேட்’ கட்டளையை இயக்கிய பின், அந்தத் திரையில் பைத்தான் என்றால் அந்தப் பெட்டிக்குரிய பைத்தானே. அதில் சேர்க்கும் தொகுப்புகள் வேறெங்கும் போகா. அடுப்பை அகற்றினால் பெட்டியால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: 3.8-ஐ நீக்கினால் அதை நம்பிய வென்வ் எல்லாம் செயலிழக்கும். அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் அள்ளிச் சென்று வேறு கணிப்பொறியில் போட்டாலும் சரிவர ஓடாது. ‘பிப் ஃப்ரீஸ்’ தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து எடுத்துச் சென்று, அங்கே புதிய வென்வ் அமைத்து நிறுவிக்கொள்வதே முறை.

லினக்ஸில் ஓர் எச்சரிக்கை மட்டும். உபுண்டு போன்றவற்றில் கணிப்பொறியோடு வரும் பைத்தான் நமக்காக வைத்ததன்று. அந்த இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பியே ஓடுகின்றன. அதை நீக்கவோ மாற்றவோ கூடாது. ‘பையென்வ்’ என்ற கருவி நம் வீட்டுக் கோப்புறைக்குள் வேண்டிய பதிப்புகளைத் தனியே கட்டித் தரும். எந்தத் திட்டத்துக்கு எந்தப் பதிப்பு என்பதை அந்தத் திட்டத்தின் கோப்புறையிலேயே சிறு கோப்பில் குறித்தும் வைக்கும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். பழைய பதிப்புகள் யாவும் பைத்தானின் இணையதளத்தில் இன்றும் கிடைக்கின்றன. ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் 3.8-ஐ இறக்கி, 3.12-க்குப் பக்கத்திலேயே நிறுவிக் கொடுத்தார். கால் மணி நேர வேலை. தொகுப்புகளின் பட்டியல் ஒன்றைத் தம் நோட்டில் கையால் எழுதி வைத்திருந்ததால் அக்காவால் அன்று மாலையே தொடர முடிந்தது. இப்போது ஒவ்வொரு கணிப்பொறியின் நெற்றியிலும் அதிலுள்ள பதிப்புகளின் எண்களை எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு நிரலின் முதல் வரியிலும் பதிப்பு எண்ணைக் குறிப்பாக எழுதச் சொல்லி எங்கள் விரிவுரையாளர் பணித்திருக்கிறார். ஆறு, ஏழாம் எண் கணிப்பொறிகள் விண்டோஸ் 7-இல் உள்ளவை. மேட்ச் கட்டளைப் பயிற்சி உள்ளவர்கள் அவற்றை விட்டு வேறிடத்தில் அமரவும்.