பழுதுற்ற தட்டுகளும் பதிவுகளின் பாதுகாப்பும்

புனே நகரின் பாஷாணில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 2024 செப்டம்பரில் அங்கு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 'அர்கா' கணிப்பொறியின் சேமிப்புத் திறன் 33 பெட்டாபைட் ஆகும். இத்தகைய பெருஞ்சேமிப்பு பெரும்பாலும் பல காந்தத் தட்டுகளைக் கூட்டி அமைக்கப்படுவது. கடந்த நாளொன்றின் மழையை மீண்டும் அளத்தல் இயலாது. ஆதலின் தட்டில் நேரும் சிறு பழுதும் பெரிதே.

தட்டு 512 அல்லது 4,096 பைட் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் கெடுமாயின், உபரிக் கட்டமொன்று அதனிடத்தைப் பெறுகிறது. புறச் சேமிப்பு அணியோ, இழந்த செய்தியை ஏனைய தட்டுகளைக் கொண்டு கணக்கிட்டு மீட்கிறது.

பல தட்டுகளை ஒன்றாக்கி, வேண்டிய அளவில் பகுத்தளிக்கும் தருக்கத் தொகுதி முறைகள் சிலவற்றிலும் கெட்ட கட்டத்தை மாற்றும் ஏற்பாடு உண்டு. புற அணி உள்ளவிடத்து இதனை நிறுத்திவைத்தலே முறை. அணியையும் கடந்து பிழைச் செய்தி கணிப்பொறியை எட்டுமாயின், அது பெரும்பழுதின் அறிகுறியாகலாம். அதனை மறைத்தல் தகாது.

நெடுநாள் படிக்கப்படாத கட்டத்தின் பழுது, மற்றொரு தட்டு செயலிழந்து மீட்பு நடைபெறும்போதே வெளிப்படும். அப்போது மீட்பு கைகூடாமற் போகலாம். எனவே அனைத்துக் கட்டங்களையும் குறித்த காலந்தோறும் படித்துச் சோதித்தல் வேண்டும். வேறோரிடத்தில் ஒரு பிரதியைக் காத்தல், ஆய்வு நிலையத்திற்கு மட்டுமன்றிப் பள்ளிக்கும் பொருந்தும் விதியாகும்.