மஞ்சட் காவியும் செங்காவியும்

அறைச் சுவருக்கு வெம்மை சார்ந்த நிறத்தை விரும்புவோர் பெரும்பாலும் இரண்டினிடையே தடுமாறுவர். ஒன்று மஞ்சட் காவி, மற்றையது செங்காவி. இவற்றை வெவ்வேறு இனமாக எண்ணுதல் இயல்பே. ஆயினும் இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் இரும்பொட்சைட்டுச் செறிந்த மண்ணே. மஞ்சட் காவியிலுள்ள இரும்பொட்சைட்டு நீரோடு பிணைந்தது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுவரை சூடேற்ற, நீர் நீங்கிச் செந்நிறம் தோன்றும். நம் கோயில் மதில்களில் வெள்ளையோடு மாறிமாறி வரும் செங்காவியும் இக்குலத்ததே.

இவ்வுண்மை பொம்பேய் நகரத்து அறைகளைப் பற்றிய பழைய எண்ணமொன்றை அசைத்துவிட்டது. கி.பி. 79 இல் வெசூவியசு எரிமலையின் சாம்பலுட் புதையுண்ட அந்நகரை 1748 இல் அகழத் தொடங்கினர். அதன் செஞ்சுவர்கள் ஐரோப்பியரைக் கவர்ந்தன. ‘பொம்பேய்ச் சிவப்பு’ என்று ஒரு நிறப்பெயரே வழங்கலாயிற்று. செல்வர் இல்லங்களின் அறைகளும் அந்நிறம் பூண்டன.

2011 இல் இத்தாலியத் தேசிய ஒளியியல் நிறுவனத்தின் ஆய்வு வேறொன்று கூறிற்று. பொம்பேயிலும் அயல் நகரான ஏர்க்குலேனியத்திலும் இன்று சிவப்பாகத் தோன்றும் சுவர்கள் 246, மஞ்சள் 57. எரிமலை சீறுமுன்னரோ சிவப்பு 165, மஞ்சள் 138 ஆக இருந்திருத்தல் வேண்டுமாம். எஞ்சிய 81 சுவர்களும் கொதிவளி பட்டுச் சிவந்தவை. ஏர்க்குலேனியத்தில் ஒரே சுவரிலே மஞ்சள் ஓரிடத்தில் நிற்க, அடுத்த சாணிலே சிவப்புப் படர்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

அந்த 81 சுவர்களுக்கு மஞ்சளைத் தேர்ந்தவர்கள் மதியூகிகள் என்றே எமக்குத் தோன்றுகிறது. உரோமர் வீட்டு அறைகள் பலவற்றுக்குச் சாளரம் சிறிது. சிலவற்றுக்கு இல்லவே இல்லை. எண்ணெய் விளக்கின் சிற்றொளியை மஞ்சட் சுவர் பெருக்கித் திருப்பித் தரும். செஞ்சுவரோ அதனை விழுங்கி அறையைச் சுருக்கிக் காட்டும். விருந்துக் கூடத்துக்கு அவ்விறுக்கம் பொருந்தலாம். ஏட்டோடு இருப்பவனுக்குப் பொருந்தாது.

சிவப்பே வேண்டுமென்று பொருளை வாரியிறைத்தோரும் இருந்தனர். அவர்கள் காவியை விடுத்துச் சாதிலிங்கத்தை நாடினர். உரோமிலே அவெந்தைன் குன்றில் வாழ்ந்த பேபேரியசு என்னும் எழுத்தர் தம் வீட்டு முற்றத்தைச் சூழ்ந்த சுவர்களுக்கு அதனைப் பூசுவித்தார். வெயில் படும் இடம். 30 நாளில் நிறம் அருவருக்கத்தக்கதாய்த் திரிந்தது. வேறு வண்ணம் பூச மீண்டும் ஆள் அமர்த்தினாராம் அம்மனிதர். கட்டடக்கலை ஆசிரியர் வித்துரூவியசு இதனைத் தம் நூலிற் பொறித்துவைத்துள்ளார்.