கழற்றிப் பூட்டிய நாடகக் கொட்டகை

1598 டிசம்பர் 28. லண்டனை ஒட்டிய ஷோர்டிச்சில், ஆட்டம் நின்றுபோயிருந்த நாடகக் கொட்டகை ஒன்றுக்குள் அதை நடத்திவந்த நாடகக் குடும்பத்தினரான பர்பேஜ் சகோதரர்கள் ஆட்களோடு நுழைந்தார்கள். 'தியேட்டர்' என்பதே அந்தக் கொட்டகையின் பெயர். 21 ஆண்டுக் குத்தகை முடிந்துபோயிருந்தது. நிலத்துக்காரர் ஜைல்ஸ் ஆலனோடு தகராறு. நிலம் உம்முடையது, கட்டடம் எங்களுடையது என்பது சகோதரர்களின் வாதம். ஆலன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து வேலை தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சர். பிரித்த மரங்கள் தேம்ஸின் தென்கரைக்குப் போயின. 1599-இல் அவற்றைக் கொண்டே எழுந்ததுதான் ஷேக்ஸ்பியரின் 'குளோப்' அரங்கு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் நடிகர்களின் துணிச்சலைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு வியப்பெல்லாம் அந்த மரவேலையின் மீதுதான். அவ்வளவு பெரிய கட்டடத்தை உடைக்காமல் பிரித்து, வேறோர் இடத்தில் பூட்ட முடிந்தது எப்படி?

அன்றைய இங்கிலாந்தில் கட்டடத்தின் எலும்புக்கூடு முழுக்க ஓக் மரம். ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றதில் துளை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து, குறுக்கே மர முளை அடிப்பார்கள். இரும்பை ஒதுக்கியதற்கு வலுவான காரணம் உண்டு: ஓக்கின் துவர்ப்புச் சத்து ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும், மரத்திலும் கருநீலக் கறை படியும். முளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. தேவைப்பட்டால் தட்டிக் கழற்றவும் செய்யலாம்.

வெட்டிய மரத்தைக் காயவைத்து இழைப்பதுதான் தச்சு என்று நாம் நினைப்போம். ஓக் சட்டகத்தில் அப்படியில்லை. ஓர் அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பது பழைய கணக்கு. ஓர் அடிக் கனமுள்ள தூணுக்கு யார் காத்திருப்பது? காய்ந்த ஓக் உளியையும் லேசில் உள்ளே விடாது. அதனால் பச்சையாகவே வேலை செய்தார்கள். முளை மட்டும் காய்ந்த ஓக்கில், ரம்பத்தால் அறுக்காமல் நார்வாக்கில் பிளந்து எடுத்தது. கழுந்தின் துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் வராமல் மயிரிழை தள்ளியிருக்கும்படி துளைப்பார்கள். முளையை அடிக்க அடிக்க அது இணைப்பை உள்ளே இழுக்கும். பிறகு மரம் காய்ந்து சுருங்கினாலும் பிடி தளராது. தச்சர் இறங்கிப் போன பிறகும் பல ஆண்டுகள் மரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

மரங்கள் ஒன்றுபோல் இருக்காது. வளைந்ததும் வரும், முறுக்கியதும் வரும். கட்டைகளைத் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தூக்குக்குண்டு பிடித்துக் கோடு கீறி, ஒவ்வோர் இணைப்பையும் அதன் ஜோடிக்கென்றே வெட்டுவார்கள். ஜோடி மாறினால் பொருந்தாது. அதற்காகவே இணைப்பின் இரு பக்கமும் ரோமன் எண்ணைக் கீறிவைப்பது வழக்கம். பிரிப்பதற்கும் திரும்பப் பூட்டுவதற்கும் அந்தக் கீறல்தான் வரைபடம்.

குளோப்புக்குக் காகித வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் 1600-இல் 'ஃபார்ச்சூன்' என்ற போட்டி அரங்கைக் கட்ட அதே ஸ்ட்ரீட்டை அமர்த்தினார்கள். அந்த ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத் தொகை 440 பவுண்டு. வெளியே 80 அடிச் சதுரம். மூன்று மாடங்கள், உயரம் 12, 11, 9 அடி. பல இடங்களில் 'குளோப்பில் உள்ளபடி' என்பதே விவரம். அவர் கைக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள், நமக்குத்தான் நஷ்டம்.

1613-இல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் பற்றி குளோப் எரிந்தது. அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் அதை மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் போராடி, முடிவதற்குள் 1993-இல் இறந்தார். பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, 1997-இல் புதிய குளோப் திறந்தது. ஃபார்ச்சூன் ஒப்பந்தமும் 1989-இல் தோண்டிக் கண்ட பழைய குளோப்பின் அடித்தளத் துண்டும் அதற்குத் துணை நின்றன. 20 பக்கச் சட்டகத்தைச் செய்தவர் தச்சர் பீட்டர் மக்கர்டி. அதுவும் பச்சை ஓக், மர முளை.

இங்கிலாந்தில் இன்றும் இதே முறையில் வீடும் களஞ்சியமும் கட்டித்தருகிறார்கள். வெடிப்பு விழும் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காயும்போது நீளவாக்கில் விரிசல் ஓடும். பெரும்பாலும் அதனால் வலு குறையாது. அதை மெழுகோ பூச்சோ போட்டு அடைக்க வேண்டியதில்லை.