கைபிடி இல்லாத பம்பு

ஊரிலிருந்து உறவினர் வந்தால் பக்கிங்ஹாம் மாளிகை, கோபுரப் பாலம், மெழுகுச் சிலைகள் என்று இலண்டனை ஒரு சுற்றுக் காட்டி அனுப்புவது நம்மவர் வழக்கம். செலவின்றிக் காணக்கூடிய இன்னோர் இடமும் உண்டு. சோஹோ என்னும் பழைய பகுதியில் வழிகாட்டிகள் ஆட்களை நடத்திச் சென்று காட்டும் தண்ணீர்ப் பம்பு அது. அதற்குக் கைபிடி இல்லை. கைபிடி போன கதையே இந்த நடையின் கதை.

ஒக்ஸ்போட் சேர்க்கஸ் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்து, வலப்புறம் போலந்து வீதியில் திரும்ப வேண்டும். இன்று உணவகங்களும் அலுவலகங்களும் நிறைந்துள்ள இப்பகுதியில், 1854ஆம் ஆண்டில் ஒரே வீட்டுக்குள் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. வீடுகளின் அடியில் மலக்குழிகள் இருந்தன. குடிப்பதற்குப் பலருக்குத் தெருப் பம்பின் கிணற்று நீரே கிடைத்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இரவு இங்கே கொலரா வெடித்தது. வாந்திபேதி என்று நம் பாட்டிமார் அஞ்சிப் பேசிய அதே நோய்தான். பத்து நாட்களுக்குள் சுமார் 500 பேர் மாண்டனர். இறுதிக் கணக்கு 616. தப்ப வழியுள்ளோர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறினர். துர்நாற்றம் கலந்த காற்றே நோய்க்குக் காரணம் என்பது அக்கால வைத்தியர்களில் பெரும்பாலோரின் கொள்கை.

போலந்து வீதியின் கீழ்க்கோடியில் வருவது புரோட்விக் வீதி. அன்று அதன் பெயர் புரோட் வீதி. கைபிடியற்ற பம்பின் மாதிரி நிற்பது இங்கேதான். அருகிலுள்ள மதுச்சாலைக்கு ஜோன் ஸ்னோ என்று பெயர். இளமையிலேயே மதுவிலக்கை ஏற்ற வைத்தியர் ஒருவரின் பெயரை மதுச்சாலை தாங்கி நிற்பது வேடிக்கைதான்.

டொக்டர் ஸ்னோ, 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபோம் கொடுத்தவர். கொலரா குடிநீரால் பரவுகிறது என்று 1849இலேயே எழுதியவர். மரணப் பதிவுகளை வாங்கிப் பார்த்தபோது, இறந்தோர் இந்தப் பம்பைச் சுற்றியே வாழ்ந்திருந்ததைக் கண்டார். போலந்து வீதியின் ஏழைகள் காப்பகத்தில் 535 பேர் இருந்தும் ஐவரே கொலராவால் இறந்தனர். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்துப் பியர் தயாரிக்கும் சாலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தும் எவரும் இறக்கவில்லை. அவர்கள் பம்பு நீரைத் தொடுவதில்லை. மறுபுறம், கொலரா இல்லாத ஹம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை மாண்டார். முன்பு புரோட் வீதியில் குடியிருந்த அந்த அம்மா, இந்த நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்தவர்.

செப்டெம்பர் 7ஆம் திகதி மாலை ஸ்னோ உள்ளூர் நிர்வாக சபையின் முன் சென்று காரணத்தை விளக்கினார். மறுநாள் கைபிடி அகற்றப்பட்டது. வழிகாட்டிகளிற் சிலர் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுவர். ஆனால் மக்கள் ஓடிவிட்டதால் நோய் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது. அறிஞர் பலர் ஸ்னோவை நம்பவும் இல்லை.

நம்பாதவர்களில் ஒருவர் ஹென்றி வைட்ஹெட். கிழக்கே சில அடி நடந்தால் வரும் பெரிக் வீதியில் இருந்த புனித லூக்கா தேவாலயத்தின் உதவிக் குருவானவர். அப்போது வயது 29. தம் மக்களை நன்கறிந்தவர் என்பதால், ஸ்னோவின் கூற்றுத் தவறு என்று காட்டவே அவர் வீடு வீடாக விசாரிக்கப் புறப்பட்டார். இறந்தவர்களைப் பற்றி மட்டுமன்றித் தப்பியவர்களையும் தேடிக் கேட்டார். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். கேட்கக் கேட்க, பம்பு நீரைக் குடித்தவர்களே பெரும்பாலும் நோயுற்றனர் என்பது தெளிவாயிற்று. தாம் எண்ணியது பிழை என்று ஒப்புக்கொண்டார்.

பின்னர் 1855இல், பம்புக்கு அருகே 40ஆம் இலக்க வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்று நோயின் தொடக்கத்தில் பேதியால் இறந்திருந்ததை அவர் கவனித்தார். தாயைக் கண்டு கேட்டார். குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டு மலக்குழியில் ஊற்றியதாக அவர் சொன்னார். தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழி கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. சுவர் சிதைந்து, அழுக்குக் கிணற்றுக்குள் கசிந்திருந்தது. அது மட்டுமன்று, கைபிடி அகற்றிய அதே நாளில்தான் குழந்தையின் தந்தையும் கொலராவில் விழுந்தார். பம்பு ஓடியிருந்தால் இரண்டாம் அழிவு வந்திருக்கக்கூடும்.

நடை பெரிக் வீதியில் முடிகிறது. தேவாலயம் 1936இல் இடிக்கப்பட்டுவிட்டது. ஸ்னோ 1858இல் 45 வயதில் காலமானார். 1884இல் றொபேட் கோக் கல்கத்தாவில் கொலராக் கிருமியை உறுதிப்படுத்தியதை அவர் காணவில்லை. வைட்ஹெட்டோ ஸ்னோவின் படத்தைத் தம் படிப்பறையில் பல்லாண்டு வைத்திருந்தார்.

வைத்தியரிடம் கணக்கு இருந்தது. குருவானவருக்கு வீடுகள் தெரிந்திருந்தன. பிள்ளையை இழந்த தாய் எவருக்கும் வாய்திறந்து சொல்லிவிடமாட்டாள். பழகிய முகத்துக்கே சொல்வாள். கோயிலோ தேவாலயமோ, யார் எந்த வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று அறிந்திருப்பதும் உயிர் காக்கும் தொண்டுதான். அடுத்த முறை உறவினர் வரும்போது, மெழுகுச் சிலைகளைப் பார்த்த கையோடு அந்தப் பம்பையும் காட்டலாம். முழு நடைக்கும் ஒரு மணி நேரம் போதும்.