ஆடிப் பட்டமும் பினாங்குத் தோட்டமும்

பயிர்த்தொழிலில் காலம் என்பது நிலத்தினின்றும் பிரித்து எண்ணத்தக்கதன்று. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என வகுத்தார். இலக்கண வகுப்பில் அகப்பொருளுக்கு உரியதாகக் கற்பிக்கப்படும் இவ்வுண்மை, காய்கறித் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். இத்தாலி நாட்டு ராடிக்கியோ என்னும் செந்நிறக் கீரையைப் பினாங்கில் எந்த மாதத்தில் விதைப்பது என்ற வினா இதனை நன்கு விளக்கும்.

அயல் கீரையா?

ராடிக்கியோ வடகிழக்கு இத்தாலியின் வெனெத்தோ பகுதிக்கு உரியது. திரெவீசோ, வெரோனா, கியோஜா என அதன் வகைகள் ஊர்ப் பெயர்களாலேயே வழங்குகின்றன. இலை கருஞ்சிவப்பு; நரம்பு வெண்மை; சுவை கைப்பு. கியோஜா வகை, சிறு முட்டைக்கோசு போல இலைகள் ஒன்றையொன்று மூடி உருண்டு நிற்கும்.

தமிழர்க்கு இஃது முற்றிலும் அயலானதன்று. காப்பித்தூளோடு கலக்கும் சிக்கரி, இவ்வினத்துச் செடியின் வேரை வறுத்துப் பொடித்ததேயாகும். சித்த மருத்துவத்தில் காசினிக்கீரை எனப்படுவதும் இக்குடும்பத்ததே. உறவு பழையது, பருவம்தான் புதியது.

கூதிரும் முன்பனியும்

இத்தாலியில் இக்கீரையைக் கோடையின் பிற்பகுதியில் விதைப்பர். இளஞ்செடி வெயிலில் வளர்ந்து, இலையுதிர் காலத்துக் குளிரில் தலை கட்டும். குளிர் ஏற ஏறச் செந்நிறம் மிகும்; கைப்பு மட்டுப்படும். ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை அதற்கு உகந்தது. தமிழ்ப் பருவப் பெயரால் கூறின், கூதிரும் முன்பனியும் வேண்டும் பயிர் எனலாம். அவ்விரண்டும் குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதுகள் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

வெப்பம் மிகுந்தால் விதை முளைப்பது குறையும். முளைத்த செடியும் தலை கட்டாமல் இலை விரித்து நிற்கும், நிறம் பச்சையாகவே தங்கிவிடும், கைப்பு கடுமையாகும்.

பினாங்கின் வானம்

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை அளவில் உள்ளது. சென்னையில் தை மாதத்துக்கும் வைகாசிக்கும் இடையே சராசரி வெப்பம் ஏறத்தாழ 8 டிகிரி வேறுபடும். ஜார்ஜ் டவுனிலோ ஆண்டு முழுவதும் சராசரி 27, 28 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே, நாட்காட்டியின் எந்தத் தாளைப் புரட்டினாலும் ராடிக்கியோ வேண்டும் முன்பனி அங்கு இல்லை.

இங்குப் பருவத்தைப் பிரிப்பது வெப்பமன்று, மழையே. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் பெருமழை பொழியும் காலத்தில், இடையிலுள்ள மலைத்தொடர் பினாங்கை மறைத்து நிற்கிறது. அதனால் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மழை ஒரு முறை மிகும். செப்டம்பர், அக்டோபரில் அதனினும் மிகும்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி, பின்வரும் மழையை நம்பி விதைக்கும் தமிழ்நாட்டு உழவனின் அனுபவத்தில் பிறந்தது. அதே ஆடியில் பினாங்கில் இம்மென்கீரையை விதைத்தால், செடி வளரும் நாளில் மழை வலுத்து, வேரும் அடியிலையும் அழுகும்.

உயரம் தரும் பருவம்

மாதம் தராத குளிரை உயரம் தரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றபின், அங்கு ஐரோப்பியக் காய்கறிகள் வேரூன்றியமைக்கும் இதுவே காரணம். மலேசியாவில் கேமரன் மலை முட்டைக்கோசுக்கும் சாலட் கீரைக்கும் பெயர் பெற்றிருப்பதும் இதனாலேயே.

பினாங்கிலேயே கொடிமலை 800 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அடிவாரத்தினும் ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்தது. 1786இல் இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் அங்கு ஸ்ட்ராபெரி பயிரிட்டதாகக் கூறுவர். அம்மலையில் ஒரு குன்று இன்றும் அக்கனியின் பெயரால் வழங்குகிறது. ஆயினும், கொடிமலையின் குளிரும் தலை கட்டும் ராடிக்கியோவுக்குப் போதுமானதன்று. கேமரன் மலையின் 18 டிகிரியே அதற்கு ஏற்ற வீடு.

வீட்டுத் தோட்டத்தார் செய்யத்தக்கது

அடிவாரத்தில் வாழ்வோர் உருண்ட தலையை எதிர்பாராமல், இளங்கீரையாகப் பறிக்க எண்ணி விதைத்தால் ஓரளவு பயன் பெறலாம். மழை தணியத் தொடங்கும் கார்த்திகைப் பிற்பகுதியில் நாற்றுத் தட்டில் மெல்லியதாக விதைத்து, நிழலில் வைத்தல் வேண்டும். மூன்று, நான்கு வாரங்களில் நாற்றை மேட்டுப்பாத்திக்கோ தொட்டிக்கோ மாற்றலாம். காலை வெயில் மட்டும் படும் இடம் நல்லது. நண்பகலில் நிழல்வலை வேண்டும். தை, மாசி வறட்சியில் காலையும் மாலையும் நீர் தெளித்து, மண்மீது வைக்கோலோ காய்ந்த சருகோ பரப்பினால் வேர் குளிர்ந்திருக்கும். நட்ட நான்கு, ஐந்து வாரங்களில் இலை முற்றுமுன் வெளியிலைகளைக் கிள்ளிக்கொள்ளலாம். முற்ற விட்டால் கைப்பே மிஞ்சும். இலையில் செந்நிறம் வேண்டுவோர்க்குச் செந்தண்டுக்கீரை இருக்கிறது. அது பினாங்கின் வெயிலை விரும்பியே வளரும்.

பழமொழியில் ஆடி என்னும் சொல் ஒரு நாட்டுக்கு உரியது. 'தேடி' என்னும் சொல்லோ எந்நாட்டுக்கும் உரியது. பினாங்கின் தமிழ்ப்பள்ளியில் இப்பழமொழியைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரைக் கொண்டு பள்ளித் தோட்டத்தின் மழையளவை ஓராண்டு குறித்துவரச் செய்யலாம். அக்குறிப்பேட்டினின்றும் அவர்கள் தங்கள் மண்ணுக்குரிய பட்டத்தைத் தாங்களே கண்டறிவர். முதற்பொருள் என்பதும் அவர்களுக்கு மனப்பாடச் சொல்லாக நில்லாது, கண்கூடான பொருளாக விளங்கும்.