பேசத் தெரிந்த குரங்கும் பேசாத எலியும்

1968இல் வெளிவந்த ‘பிளனெற் ஒவ் த ஏப்ஸ்’ படத்தில் விண்வெளிப் பயணியான ரெய்லரைக் குரங்குகள் வேட்டையாடிப் பிடிக்கும்போது அவனது தொண்டையில் சூடு படுகிறது. கதையின் முழு ஏற்பாடும் இந்தக் காயத்தில்தான் தங்கியிருக்கிறது. பேச்சிழந்த மனிதன் குரங்குகளின் ஆய்வுகூடத்தில் இன்னுமொரு கூண்டு மிருகம், அவ்வளவே. அவனது தோழர்களில் ஒருவன் மூளையில் அறுவை செய்யப்பட்டு நடைப்பிணமாகிறான். மற்றவன் பாடம் செய்யப்பட்டு நூதனசாலையில் நிறுத்தப்படுகிறான். ரெய்லரோ எழுதிக் காட்டுகிறான், பின்னர் வாய் திறக்கிறான். சிம்பன்சி விஞ்ஞானியான ஸீரா அவன் பக்கம் நிற்பதற்கு அதுவே காரணம். பார்வையாளர்களாகிய நமக்கும் அக்கணத்தில் பெரும் ஆறுதல். பக்கத்துக் கூண்டுகளில் இருந்த பேச்சறியா மனிதரை, நோவா என்ற ஒருத்தியைத் தவிர, படமும் மறந்துவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். 1971இல் வந்த தொடர்ச்சிப் படமொன்றில் இதே ஸீரா விசாரணையின்போது, தான் மனிதர்களை அறுத்து ஆராய்ந்தது உண்மைதான் என்கிறாள். ரெய்லருக்காக இரங்கிய அதே கைகள்.

அறிவுள்ள விலங்குகள் பற்றிய விஞ்ஞானப் புனைகதைப் படங்கள் பொதுவாகப் பரிசோதனைக்கு எதிரானவையாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளன. இவற்றில் பல, ஆள் மாறிப் பரிசோதிப்பதை மாத்திரமே எதிர்க்கின்றன என்பது எனது வாதம். ‘இது பேசுகிறது, ஆகவே இதனைத் தொடாதே’ என்னும்போது பேசாததைத் தொடலாம் என்ற அனுமதியும் கூடவே வழங்கப்பட்டுவிடுகிறது. பகுத்தறிவையோ பேச்சையோ பார்க்காமல், வலியை உணர முடிகிறதா என்று மட்டும் கேட்கும்படி பென்தம் 1789இலேயே சொல்லியிருந்தார். சினிமா இன்னமும் பழைய அளவுகோலையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இடையில் ஒரு குறிப்பு. இப்படத்தின் மூல நாவலை 1963இல் எழுதிய பியர் பூல், முப்பதுகளின் பிற்பகுதியில் மலாயா இறப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டிய நாடு அது. சயாம்–பர்மா ரயில்பாதையை வைத்து 1952இல் அவர் எழுதிய நாவலின் மையத்தில் நிற்பவர்கள் பிரித்தானியக் கைதிகள். அதே பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்த தமிழ்த் தொழிலாளர் அந்த மையத்துக்கு வரவில்லை. வாய் திறப்பவரே கதைக்கு ஆள் என்ற வழக்கம் குரங்குகளிடம் தொடங்கியதல்ல.

டொன் புளூத் இயக்கிய ‘த சீக்ரட் ஒவ் நிம்’ (1982) என்ற கார்ட்டூன் படத்தில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவகத்தின் எலிகள் ஊசிமூலம் அறிவு பெறுகின்றன, கூண்டுக் கதவின் கீழ் எழுதப்பட்டிருப்பதை வாசித்து விளங்கித் தப்புகின்றன. எலியொன்றைப் பிள்ளைகள் நேசிக்க வேண்டுமானால் அது முதலில் எழுத்தறிவு பெற வேண்டியிருக்கிறது! அதே அமெரிக்காவில், ஆய்வுக்கென வளர்க்கப்படும் எலி, சுண்டெலி, பறவை ஆகியவற்றை மிருக நலச் சட்டத்தின் ‘மிருகம்’ என்ற சொல்லின் வரைவிலக்கணத்திலிருந்தே 2002இல் ஒரு திருத்தம் நீக்கிற்று. முன்னர் விதிகளில் இருந்த விலக்கு சட்டமாகவே எழுதப்பட்டது. ஆய்வுகூடங்களில் மிக அதிகமாகச் சாவது எலியும் சுண்டெலியுமே. அவற்றுக்கு வலிக்காது என்று அச்சட்டம் சொல்லவில்லை. அவற்றை எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. ஒரு வரைவிலக்கணத்தைத் திருத்தி உயிர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் வித்தை நமக்கும் பழக்கமானதே.

‘ரைஸ் ஒவ் த பிளனெற் ஒவ் த ஏப்ஸ்’ (2011) ஓரளவு கூர்மையானது. அல்சைமர் நோய்க்கான மருந்து சிம்பன்சிகளில் பரிசோதிக்கப்படுகிறது. அதனால் அறிவு பெற்ற சீஸர் முதன்முதலாக உச்சரிப்பது ஒரு மறுப்புச் சொல். எல்லோரும் சிலாகித்த காட்சி அது. எனக்கோ கோபாதான் முக்கியமாகப் படுகிறான். ஆய்வுகூடங்களில் காலம் கழித்து, ஒரு கண் குருடாகி, உடலெங்கும் தழும்போடு வரும் குரங்கு அவன். 2014இல் வந்த அடுத்த படத்தில், மனிதரின் வேலை எதுவென்று தனது தழும்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுகிறான். பேச்சு வந்துவிட்ட பின்னும் உடலையே சாட்சியமாக வைக்கிறான். இந்தப் படங்களிலெல்லாம் பென்தமுக்கு மிக அருகில் வரும் இடம் அதுதான். ஆனால் படம் அவனை வில்லனாக்கி அந்தச் சாட்சியத்தைச் செல்லாததாக்கிவிடுகிறது. சமாதானம் பேசுபவனுக்குத் தலைமை, காயத்தைக் காட்டுபவனுக்குப் பாதாளம்.

திரைக்கு வெளியிலும் இதே ஒழுங்குதான். எழுபதுகளில் ஓக்லஹோமாவில் சைகைமொழி கற்பிக்கப்பட்ட சிம்பன்சிகளில் ஒன்று பூயி. 1982இல் அது நியூயோர்க் மாநிலத்தின் மருத்துவ ஆய்வுகூடமொன்றுக்கு விற்கப்பட்டது. அங்கு அதற்கு ஹெபற்றைற்றிஸ் சி கிருமி ஏற்றப்பட்டது. பழைய ஆசிரியர் றொஜர் பௌட்ஸ் 1995இல் தொலைக்காட்சிக் கமராவுடன் போனபோது பூயி அவரை அடையாளங்கண்டு சைகையில் பேசியது. பார்த்தவர்கள் பதைத்தார்கள். அதே ஆண்டு அது கலிபோர்னியாவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பப்பட்டது. சைகை அறியாத பல சிம்பன்சிகள் அதே ஆய்வுகூடத்தில் தொடர்ந்தும் இருந்தன. அவற்றின் குருதியிலும் கிருமி இருந்தது, கமரா இருக்கவில்லை.

சட்டம் எப்போதும் சினிமாவின் பின்னால்தான் போகிறது என்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் கொண்டுவந்த ஆணை பெருங்குரங்குகள் மீதான பரிசோதனையை ஏறக்குறைய முற்றாகத் தடுத்தது. எலிகளும் அதன் விதிகளுக்குள் அடங்கும். அவற்றோடு, முதுகெலும்பற்ற பிராணிகளிலிருந்து கணவாயும் பேய்க்கணவாயும் சேர்க்கப்பட்டன. பரிசோதனை தொடரலாம், ஆனால் அனுமதி வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும். அவை வலியை உணரக்கூடியவை என்பதற்கு விஞ்ஞானச் சான்று உண்டு என்பதே சொல்லப்பட்ட காரணம். கணவாய் எதையும் பேசிக் காட்டும்படி எவரும் கேட்கவில்லை.