நாவற்பழ நிறத்தில் ஒரு தடயம்

கண்டியிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் போனால் மாத்தளை. 2012 நவம்பரில் அங்கே ஆஸ்பத்திரி வளவில் உயிரிவாயுத் தொட்டிக்குக் குழி வெட்டியபோது மனித எலும்புகள் தட்டுப்பட்டன. தோண்டத் தோண்ட 150 பேருக்கு மேல். காட்டிக்கொடுத்தது தற்செயல்தான். தேடிப்போய்க் கண்டுபிடிக்க முடியாதா என்றால், மண்ணை விசாரிக்கலாம்.

அழுகும் உடலிலிருந்து கசியும் நீர் சுற்றியுள்ள மண்ணில் ஊறுகிறது. புரதம் சிதைந்து அமோனியாவும் அமினோ அமிலங்களும் சேர்கின்றன. அந்த மண்ணில் ஒரு கரண்டியைப் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் குலுக்கி, வடித்து, நின்ஹைட்ரின் விட்டுச் சூடாக்கினால் வடிநீர் நாவற்பழச் சாறுபோல ஊதாவாகும். கடதாசியில் பதிந்த கைரேகையைத் தெரியவைக்கப் பூசுகிறார்களே, அதே மருந்துதான்.

மலைநாட்டில் ஒரு தொல்லை: தேயிலைக்குப் போடும் யூரியாவும் மண்ணில் அமோனியாவாகி அதே நிறத்தைக் காட்டும். பசளை போட்ட பக்கத்து மண்ணையும் சோதித்து ஒப்பிடாமல் ஊதாவை நம்பக்கூடாது. சரிவில் மழை எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். பள்ளப் பக்கமும் மண் எடுக்கவேண்டும்.

காலத்தையும் மண் ஓரளவு சொல்லும். அமெரிக்காவின் டெனசியில் ஆர்ப்பாட் வாஸ் குழுவினர், கசிநீரிலுள்ள பியூட்டிரிக், வலேரிக் போன்ற கொழுப்பமிலங்களின் விகிதம் நாள்பட மாறுவதை 1992இல் காட்டினார்கள். கூடவே ஒரு கைக்கணக்கு: 1285ஐச் சராசரி வெப்பநிலையால் வகுத்தால், உடல் எலும்பாக எடுக்கும் நாட்கள். 25 பாகைக்கு 51 நாள். இது வெளியில் கிடக்கும் உடலுக்கு. புதைத்தால் நாள் நன்றாக நீளும்.

மாத்தளை போலப் பல ஆண்டுகள் கழிந்த குழியில் இந்த அமிலங்கள் உதவாது. தொல்லியலாளர் ராஜ் சோமதேவ மாத்தளைக் குழியை 1986–1990 காலத்தது என்றார். பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழு 1950க்கு முந்தியது என்றது. இங்கே காபன்-14 வருகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் 1960களின் நடுவில் காற்றில் அது ஏறக்குறைய இரட்டித்தது; சோற்றோடு எல்லார் எலும்பிலும் ஏறியது. 1988இல் இறந்த இருபது வயதுக்காரரின் எலும்பில் அந்தக் கூடுதல் அளவு இல்லாமல் போக வழியில்லை. ஆனால் சோதித்த எலும்பைப் பற்றித்தான் இந்தச் சோதனை பேசும். எந்த எலும்பை, யார் தெரிந்தெடுத்தார்கள் என்பது ஆய்வுகூடத்துக்கு வெளியே உள்ள கேள்வி. 2018இல் தோண்டத் தொடங்கிய மன்னார் சதொச வளாகத்தில் கிடைத்தவை 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்று சொல்லவைத்தவை ஆறே ஆறு மாதிரிகள்.